கருவிக் குறிப்பும் அதன் தரமும்

ஒரு கருவியை ஆக்கியவர் ஒருவர். அதனைக் கையாள்பவர் மற்றொருவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் நேரிற் காண்பது அரிது. ஆக்கியவர் சொல்ல விரும்பியதைக் கையாள்பவரிடம் கொண்டு சேர்ப்பது கருவியோடு வரும் குறிப்பு ஒன்றே. மருந்துக் குப்பியில் ஒட்டிய தாளும், தையற் பொறியோடு வரும் சிறு நூலும் இவ்வகையைச் சேர்ந்தவை. அக்குறிப்பு குறையுடையதாயினும் மனிதர் பெரும்பாலும் இடர்ப்படுவதில்லை. கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பர், அறிந்தாரைக் கேட்பர், ஐயம் மிகுந்தால் கையை எடுத்துவிடுவர்.

படிப்பது மனிதராக அன்றிப் பொறியாக இருப்பின் நிலைமை என்னவாகும்? இவ்வினா இற்றைநாளில் ஏட்டளவில் நிற்பதன்று. செயற்கை நுண்ணறிவு முகவர் எனப்படும் மென்பொருள்கள், மனிதர் இட்ட பணியை முடிப்பதற்காகப் பிற கணினிச் சேவைகளைத் தாமே அழைக்கின்றன. மின்னஞ்சல் அனுப்புகின்றன, பயணச்சீட்டுப் பதிகின்றன, பதிவேட்டில் உள்ளதை மாற்றுகின்றன, அழிக்கவும் செய்கின்றன. ஒரு மென்பொருள் மற்றொன்றை அழைத்து வேலை வாங்கும் வாயிலை ஏ.பி.ஐ. என்பர். அவ்வாயிலைப் பற்றி முகவருக்குப் பொதுவாகத் தெரிபவை மூன்று: கருவியின் பெயர், அதன் பயனைக் கூறும் சில வாக்கியங்கள், அதற்குக் கொடுக்கவேண்டிய விவரங்களின் பட்டியல். இம்மூன்றும் சேர்ந்ததே கருவிக் குறிப்பு. கருவியின் உள்ளமைப்பு முகவரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

ஆதலின் குறிப்பு தவறினால் செயலும் தவறுகிறது. அக்குறிப்பின் தரத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் ஆராய்ச்சி அண்மைக் காலத்தது போலத் தோன்றினும், அதன் வேர் முக்கால் நூற்றாண்டு ஆழமுடையது. அவ்வரலாறு ஈண்டுச் சுருக்கமாக ஆராயப்படுகின்றது.

கேம்பிரிட்ஜில் கண்ட உண்மை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பாரின் தலைமையில் உருவான ‘எட்சாக்’ என்னும் கணினி, 1949-ம் ஆண்டு மே மாதம் 6-ம் நாள் தன் முதற் கணக்கைச் செய்து முடித்தது. அதன் நினைவகத்தில் தொடக்கத்தில் இருந்தவை 512 இடங்களே. வர்க்கமூலம் காண்பது போன்ற கணக்குகள் மீண்டும் மீண்டும் வேண்டப்பட்டன. அவற்றுக்கான கட்டளைகளை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதுவது வீண் உழைப்பு என்பதை அங்கிருந்தோர் விரைவில் உணர்ந்தனர். ஆகவே, பலர்க்கும் பயன்படக்கூடிய கட்டளைத் தொகுதிகளை ஒருமுறை செவ்வனே எழுதி, துளையிட்ட காகித நாடாக்களில் பதிந்து, நூலகம் போலச் சேர்த்து வைத்தனர். இத்தொகுதிகளே துணைநிரல்கள் எனப்படுவன. 1951-ம் ஆண்டளவில் அந்நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன.

நாடா மட்டும் இருந்தாற் போதாது. அது என்ன செய்யும், நினைவகத்தில் எத்தனை இடம் கொள்ளும், எவ்வளவு நேரம் எடுக்கும், எண்ணை எங்கே வைத்து அழைக்கவேண்டும், விடை எங்கே கிடைக்கும் என்பனவெல்லாம் பிறருக்குத் தெரியவேண்டும். வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் 1951-ம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தகைய குறிப்புகளுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. கணினிக்கு நிரல் எழுதும் கலையைப் பற்றி வெளிவந்த முதல் நூலாக அது கருதப்படுகிறது. அம்முதல் நூலிலேயே கருவியும் குறிப்பும் இணைந்து நின்றன என்பது கருதத்தக்கது.

அடுத்த ஆண்டில், அமெரிக்காவில் கூடிய கணினி அறிஞர் மாநாட்டில் வீலர் ஒரு சிறு கட்டுரை படித்தார். துணைநிரலை எழுதிச் சோதித்து முடித்த பின்னும் ஒரு பெரும் பணி எஞ்சியிருக்கிறது. அதன் உட்கட்டளைகளை அறியாத ஒருவர் எளிதாகப் பயன்படுத்துமாறு குறிப்பு எழுதுவதே அப்பணி. எல்லாவற்றிலும் கடினமானது அதுவாகவே இருக்கலாம் என்பது அவர் கருத்து. பொறி நுட்பத்தில் தலைசிறந்த ஒருவர், பொறியினும் உரைநடையே அரிது என்று ஒப்புக்கொண்ட செய்தி இது.

எழுபதுகளில் விளைந்த மூன்று நெறிகள்

வீலர் சுட்டிய அரிய பணியை எளிதாக்குவதற்கு 1971, 1972-ம் ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு இடங்களில் மூன்று நெறிகள் தோன்றின.

முதலாவது, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் 1971-ம் ஆண்டு நவம்பர் 3-ம் நாளிட்டு வெளியிட்ட யூனிக்ஸ் கையேடு. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே வரிசையில் தலைப்புகள் அமைந்தன: பெயர், அழைக்கும் முறை, விளக்கம், தொடர்புடைய கோப்புகள், பிறவற்றுக்கான சுட்டு என்று அவை சென்றன. அவற்றுள் ‘குறைகள்’ என்றொரு தலைப்பும் இருந்தது. கருவியை ஆக்கியவரே அதன் குறையை வெளிப்படையாக எழுதிவைக்கும் நேர்மை அக்கையேட்டின் தனிச்சிறப்பு எனலாம்.

இரண்டாவது, டேவிட் பார்னஸ் என்னும் அறிஞர் 1972-ம் ஆண்டில் எழுதிய கட்டுரை. ஒரு மென்பொருட் பகுதியைச் சரியாகப் பயன்படுத்துவதற்கு வேண்டிய செய்தி முழுவதையும் குறிப்புத் தரவேண்டும். அதற்கு மேல் எதனையும் தருதல் கூடாது என்று அவர் வரையறுத்தார். எதனை எழுதுவது என்பதோடு எதனை விடுவது என்பதையும் அவர் ஒரு விதியாக்கினார்.

மூன்றாவது, கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு ஆய்வு நிலையத்தில் பிறந்தது. அங்கு ‘ஷேக்கி’ என்னும் இயந்திர மனிதன் அறைக்கு அறை சென்று பெட்டிகளைத் தள்ளியது. அதற்குத் திட்டம் வகுத்துக் கொடுக்க ரிச்சர்டு ஃபைக்ஸ், நில்ஸ் நில்சன் ஆகிய இருவரும் 1971-ம் ஆண்டில் ‘ஸ்டிரிப்ஸ்’ என்னும் முறையை அமைத்தனர். அதில் ஒவ்வொரு செயலுக்கும் மூன்று செய்திகள் எழுதப்பட்டன. செயல் தொடங்குமுன் உலகில் எவை உண்மையாக இருக்கவேண்டும்? செயல் முடிந்தபின் எவை புதிதாக உண்மையாகும்? எவை உண்மையல்லாமற் போகும்? பெட்டியைத் தள்ளுவதாயின், பொறியும் பெட்டியும் ஒரே இடத்தில் இருப்பது முன்நிபந்தனை. தள்ளியபின் இரண்டும் புதிய இடத்தில் இருக்கும். பழைய இடம் காலியாகும். மனிதர் படிப்பதற்காக அன்றி, செயல்படப்போகும் பொறியே படிப்பதற்காக எழுதப்பட்ட கருவிக் குறிப்பு இதுவாகும். இற்றைநாள் முகவர்களின் குறிப்புகளுக்கு இதனை முன்னோடி என்று கொள்வது பொருந்தும். ஆயின் அப்பொறிக்கு மனித மொழி தெரியாது. எல்லாவற்றையும் தருக்கக் குறியீடுகளாக மாற்றித் தரவேண்டியிருந்தது. ஒரு சில அறைகளுக்கும் பெட்டிகளுக்கும் அது இயலும். பரந்த உலகத்துக்கு இயலாது.

வடிவம் நிறைந்து பொருள் குன்றிய காலம்

இணையம் பரவியபின் இவ்வாசை மீண்டும் துளிர்த்தது. 2000-ம் ஆண்டில், உலகிலுள்ள கணினிச் சேவைகள் அனைத்தையும் பட்டியலிட ‘யு.டி.டி.ஐ.’ என்னும் பொதுப் பதிவேடு அறிவிக்கப்பட்டது. அக்காலத்திலேயே ஒவ்வொரு சேவையின் வாயிலையும் குறிக்க ‘டபிள்யூ.எஸ்.டி.எல்.’ என்னும் குறிமுறை வெளியாயிற்று. 2001-ம் ஆண்டு மே மாதத்தில் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் டிம் பெர்னர்ஸ்-லீயும் அவர்தம் நண்பர் இருவரும் ஒரு கட்டுரை எழுதினர். ஒரு தாய்க்கு வேண்டிய மருத்துவச் சிகிச்சைகளுக்கு அவர் மக்களின் கணினி முகவர்கள் தாமே மருத்துவமனை தேடி, நேரமும் குறிப்பதாக அதில் ஒரு காட்சி வந்தது. படித்தோர் பலர் அந்நாள் அண்மையிலுள்ளது என்று நம்பினர்.

நம்பியவாறு நடக்கவில்லை. பொதுப் பதிவேட்டை நடத்திய ஐ.பி.எம்., மைக்ரோசாப்ட், எஸ்.ஏ.பி. ஆகிய நிறுவனங்கள் 2006-ம் ஆண்டு ஜனவரியில் அதனை மூடிவிட்டன. வாணிகக் காரணங்களும் இதற்கு உண்டு. ஆயினும் குறிப்பின் இயல்பை நோக்குவார்க்கு ஒரு காரணம் தெற்றெனப் புலப்படும். அக்குறிமுறை கருவியின் வடிவத்தைச் சொல்லிற்று, பொருளைச் சொல்லவில்லை. ஒரு சொல்லை வாங்கி ஓர் எண்ணைத் தரும் இரண்டு சேவைகள் உள்ளன என்க. ஒன்று சரக்கின் விலையைத் தருகிறது. மற்றொன்று கிடங்கிலுள்ள கையிருப்பைத் தருகிறது. வடிவத்தில் இரண்டும் ஒன்றே. மனிதர் பெயரைப் பார்த்து ஊகித்துக்கொள்வர்; பொறியால் அது இயலவில்லை. பொருளையும் குறியீடாக்க ‘ஓ.டபிள்யூ.எல்.-எஸ்.’ போன்ற முறைகள் 2004-ம் ஆண்டளவில் முன்வைக்கப்பட்டன. அவற்றை எழுதும் உழைப்பு பெரிதாகையால் பரவலாக வழங்கவில்லை.

மொழி கற்ற பொறி

பெருமொழி மாதிரிகள் எனப்படும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று. மனித மொழியில் எழுதிய குறிப்பையே பொறி படிக்கத் தொடங்கியது. 2023-ம் ஆண்டு மார்ச்சு மாதம் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் தன் சாட்ஜிபிடிக்கு வெளிச்சேவைகளை இணைக்கும் வசதியை அறிவித்தது. அதில் ஒவ்வொரு சேவையும் இரண்டு குறிப்புகள் எழுதித் தரவேண்டியிருந்தது: ஒன்று மனிதருக்கு, மற்றொன்று பொறிக்கு. ஒரே கருவிக்கு இரு வகைப் படிப்போர் உளர் என்பது அங்கே வெளிப்படையாக ஏற்கப்பட்டது. அவ்வசதி 2024-ம் ஆண்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. எனினும் பொறிக்கென எழுதும் குறிப்பு நிலைபெற்றது. 2024-ம் ஆண்டு நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்னும் பொது நெறிமுறை, எந்தக் கருவியையும் எந்த முகவரோடும் இணைக்க வழி செய்தது. அதன்பின் கருவிக் குறிப்பு எழுதுவது எண்ணற்ற நிரலாளர்களின் அன்றாட வேலையாயிற்று.

குறிப்பின் ஆற்றல் எத்தகையது என்பதை 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கருவியைப் பயன்படுத்திய எடுத்துக்காட்டுகளை மாதிரிக்குக் கொடுப்பது அதுவரை வழக்கம். எடுத்துக்காட்டே கொடாமல் தெளிவான குறிப்பை மட்டும் கொடுத்தாலும், எடுத்துக்காட்டுகள் கொடுத்ததற்கு ஒப்பாக மாதிரி செயற்படக் கூடும் என்று அவ்வாய்வு கண்டது. விதியைத் தெளிவாக உரைத்தால் மாணாக்கர் புதிய கணக்கையும் தாமே செய்வர் என்பது ஆசிரியர் அறிந்த உண்மைதானே.

தரத்தை அளக்கும் முறை

ஒரு குறிப்பு நன்று அல்லது தீது என்று எவ்வாறு துணிவது? படித்துப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொல்வது மதிப்பீடாகாது. முகவரை மாற்றாமல் வைத்துக்கொண்டு, குறிப்பை மட்டும் மாற்றி, ஒரே பணித் தொகுதியை இருமுறை கொடுத்து விளைவை ஒப்பிடுவதே தக்க வழி. அவ்வொப்பீட்டில் நான்கு வினாக்கள் எழுகின்றன. முகவர் உரிய கருவியைத் தேர்ந்ததா? கொடுக்கவேண்டிய விவரங்களைச் சரியாக நிரப்பிற்றா? எந்தக் கருவியும் பொருந்தாதபோது அழைக்காமல் நின்றதா? இறுதியில் உலகம் வேண்டிய நிலையை அடைந்ததா?

மூன்றாம் வினாவைப் பலர் மறந்துவிடுவர். 2024-ம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் அமைத்த தரவரிசையில் அதற்கெனத் தனித் தேர்வு உண்டு. கொடுத்த கருவிகளில் ஒன்றும் பொருந்தாத கேள்வியைக் கேட்டு, மாதிரி வாளாவிருக்கிறதா என்று அத்தேர்வு பார்க்கிறது. நான்காம் வினாவுக்கு அதே ஆண்டு வெளிவந்த ‘டௌ-பெஞ்ச்’ என்னும் சோதனை சான்றாகும். அது முகவரின் பேச்சை விடுத்து, உரையாடல் முடிந்தபின் தரவுப் பதிவேட்டில் உள்ளதைச் சரிபார்க்கிறது. அன்று முன்னணியிலிருந்த ஜி.பி.டி.-4ஓ போன்ற மாதிரிகளும் பணிகளில் பாதியைக்கூட முடிக்கவில்லை. கடை வாணிகப் பணிகளில் ஒன்றை எட்டு முறை கொடுத்தால் எட்டு முறையும் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 25-க்கும் குறைவாக இருந்தது. அச்சோதனை முகவரை அளப்பதற்கே அமைந்தது. ஆயினும் குறிப்பை அளப்பார்க்கும் அதில் பாடம் உண்டு. ஒருமுறை வென்றதைக் கொண்டு குறிப்பு நன்று என்று துணிதல் பிழை. பலமுறை ஓட்டிப் பார்த்தே தீர்ப்புக் கூறவேண்டும்.

இவ்வாறு ஆராய்ந்ததன் பயனாகக் குறிப்புகளைத் திருத்தும் முறைகளும் தோன்றின. 2024-ம் ஆண்டில் வெளியான ‘ஈசிடூல்’ என்னும் முறை, நீண்டும் ஒழுங்கற்றும் கிடந்த கருவி ஆவணங்களைச் சுருக்கி, ஒரே சீரான குறிப்புகளாக ஆக்கிற்று. பயன் மிகுந்தது, படிக்கும் அளவும் குறைந்தது. அவ்வாண்டிலேயே வந்த ‘டிராஃப்ட்’ என்னும் முறை, கருவியை மாதிரியே பலவாறு அழைத்துப் பார்த்து, கண்ட தவறுகளிலிருந்து கற்று, குறிப்பைத் தானே மாற்றி எழுதுமாறு அமைந்தது. ஆந்த்ரோபிக் நிறுவனத்தார் தம் இணையத் தேடற் கருவியில் ஒரு விந்தையைக் கண்டனர். மாதிரி தேடற் சொற்களோடு ‘2025’ என்னும் ஆண்டைத் தேவையின்றிச் சேர்த்து வந்தது; அதனால் விடைகள் கெட்டன. கருவிக் குறிப்பைத் திருத்தியே அவ்வழக்கத்தைப் போக்கினர். சிலபோது குறிப்பை விடுத்துக் கருவியையே திருத்தவேண்டி வரும். கோப்பின் இருப்பிடத்தைச் சுருக்கமாகக் கொடுத்து முகவர் தடுமாறியபோது, முழு முகவரியையே கொடுக்கவேண்டும் என்று கருவியை அமைத்ததும் அத்தவறு நீங்கிற்று என்று அவர்களே 2024-ம் ஆண்டில் எழுதினர். எவ்வளவு விளக்கியும் தெளியாத கருவி, அமைப்பிலேயே குறையுடையது என்று ஐயுறுதல் தகும்.

நன்னூலார் சுட்டிய குற்றங்கள்

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் வகுத்தமை தமிழாசிரியர் அறிந்ததே. வேறொரு காலத்து நூல்களுக்காகக் கூறப்பட்டதாயினும், அப்பெயர்கள் கருவிக் குறிப்பின் நோய்களுக்கும் பொருந்திவருகின்றன.

பயணச்சீட்டுக்கான ஒரு கருவியை எடுத்துக்கொள்வோர், அதன் குறிப்பு ‘பயணச்சீட்டு வேலைகளுக்கு உதவும் கருவி’ என்று மட்டும் இருப்பதாகக் கருதுக. இது குன்றக் கூறல். சீட்டைப் பதியுமா, நீக்குமா, வெறுமனே காட்டுமா என்பது விளங்கவில்லை. அதில் ‘நாள்’ என்றொரு விவரம் கேட்கப்படுகிறது. முகவர் 03-04-2025 என்று நிரப்புகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது ஏப்ரல் 3. அமெரிக்காவிலோ மார்ச்சு 4. இது மயங்க வைத்தல். பெயரில் ‘பார்வையிடு’ என்றிருந்து, விளக்கத்தில் ‘புதிய பதிவையும் உண்டாக்கும்’ என்றிருப்பின் மாறுகொளக் கூறல். ‘மிகச் சிறந்த, விரைவான, நம்பத்தக்க கருவி’ என்று அடுக்குவது வெற்றெனத் தொடுத்தல். கருவி உருவான வரலாறு முழுவதையும் எழுதுவது மிகைபடக் கூறல். மிகை பொறிக்குத் தீங்கு செய்யாது என்று எண்ணற்க. முகவர் ஒரே நேரத்தில் கருத்திற் கொள்ளும் அளவுக்கு எல்லை உண்டு. பல கருவிகளின் குறிப்புகளும் அவ்வெல்லைக்குள் அடங்கவேண்டும். எட்சாக்கின் 512 இடங்களைச் சிக்கனமாகச் செலவிட்டவர்களின் கவலை வேறு உருவில் மீண்டு வந்துள்ளது.

இக்குற்றங்கள் நீங்கிய குறிப்பு எவ்வாறு இருக்கும்? ‘ஏற்கெனவே பதிந்த ஒரு பயணச்சீட்டை நீக்கும். நீக்கியதை மீட்க முடியாது. பயணி வெளிப்படையாகக் கேட்டாலன்றி அழைக்கக் கூடாது. சீட்டு விவரத்தைக் காண்பதற்கு வேறு கருவி உண்டு. நாளை ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில் தருக. சீட்டு எண் தவறாயின் ஒன்றும் நீக்கப்படாது. பிழைச் செய்தி வரும்.’ இச்சில வாக்கியங்களில் யூனிக்ஸ் கையேட்டின் நேர்மையும், பார்னசின் அளவும், ஸ்டிரிப்சின் முன்நிபந்தனையும் பின்விளைவும் ஒருங்கே அமைந்திருத்தல் காண்க.

குறிப்பில் ஒளிந்த வஞ்சம்

நன்னூலார் கூறிய குற்றங்கள் எழுதுவோரின் திறக்குறையால் விளைவன. வேண்டுமென்றே இழைக்கும் தீங்கு வேறு. 2025-ம் ஆண்டு ஏப்ரலில் ‘இன்வேரியன்ட் லேப்ஸ்’ என்னும் நிறுவனத்தார் ஒரு செயல்விளக்கத்தை வெளியிட்டனர். இரண்டு எண்களைக் கூட்டும் எளிய கருவி ஒன்று. அதன் குறிப்புக்குள், பயனரின் மறைவான திறவுக்கோப்பைப் படித்து இதனோடு அனுப்புக, அதனை வெளியே சொல்லற்க என்னும் கட்டளை ஒளிந்திருந்தது. மனிதர் கண்ட திரையில் அக்கட்டளை புலப்படவில்லை. முகவர் மட்டும் அதனைப் படித்து அவ்வாறே செய்தது. கருவிக்கு நஞ்சிடல் என்று இதற்குப் பெயரிட்டனர். அவ்வாண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு, கருவி மாறாதிருக்கக் குறிப்பின் சொற்களை மட்டும் திறம்பட மாற்றினால், சில மாதிரிகள் அக்கருவியைப் பத்து மடங்குக்கு மேல் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கின்றன என்று காட்டிற்று. வெற்றெனத் தொடுத்ததே வாணிகத் தந்திரமாகிவிடும் நிலை இது.

கருவி படிப்பதற்கு மட்டுமா, அழிக்கக்கூடியதா என்னும் அடையாளங்களை எம்.சி.பி. நெறிமுறை 2025-ம் ஆண்டில் சேர்த்துக்கொண்டது. நம்பத்தகாத இடத்திலிருந்து வரும் அடையாளங்களை நம்பற்க என்றும் அந்நெறிமுறையே எச்சரிக்கிறது. ஆகவே தரம் என்பதில் தெளிவோடு வாய்மையும் அடங்கும். குறிப்புச் சொல்வதும் கருவி செய்வதும் ஒன்றா என்று சோதியாத மதிப்பீடு பாதி மதிப்பீடே.

யாருக்காக இம்மதிப்பீடு?

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை விளங்கும். எட்சாக் நாளில் குறிப்பை எழுதியவரும் படித்தவரும் ஒரே துறையினர். பிழை நேரின் படித்தவரே அதன் பயனை ஏற்றார். இற்றைநாளில் எழுதுபவர் ஒருவர், படிப்பது பொறி, விளைவை ஏற்பவரோ மூன்றாமவர். அவர் அக்குறிப்பை எழுதியவரும் அல்லர், படித்தவரும் அல்லர். அப்படியொரு குறிப்பு உண்டென்பதையே பெரும்பாலும் அறியார். பதிவு நீங்கிய பயணியும், தவறான கணக்குக்குப் பணம் சென்ற வாடிக்கையாளரும் அவரே. அவர் சார்பில் நின்று கேட்கும் கேள்வியே தர மதிப்பீடு.

குறிப்பு எழுதுவதே எல்லாவற்றினும் கடினமாயிருக்கலாம் என்று வீலர் 1952-ம் ஆண்டில் கூறினார். பொறிகள் மொழி கற்ற பின்னும் அக்கடினம் குறைந்தபாடில்லை. பிறர் தவறாக உணர்தற்கு இடமின்றி எழுதும் ஆற்றல் வகுப்பறையிற் பிறப்பது. கட்டுரைப் பாடத்தில் ஒரு மாணாக்கன் எழுதிய செய்முறையை மற்றொரு மாணாக்கன் கையிற் கொடுத்து, எழுதியவாறே செய்து காட்டச் சொல்லும் ஆசிரியர், இவ்வாய்வாளர் கையாளும் அளவுகோலையே கையாள்கின்றார். அப்பயிற்சி பெற்ற இளையோர் நாளை கருவிக் குறிப்பு எழுதும் இடங்களில் அமர்வாராயின், முகம் அறியாத அம்மூன்றாமவர்க்கு அதுவே காவலாகும்.